பள்ளிக்கூடத்தை வாங்கலாம், மாதச் சம்பளத்தை யார் கொடுப்பது?

(யாழ்ப்பாணம் வலிகாமப் பகுதியிலுள்ள ஒரு கிராமத்தின் தொண்டர் சங்கம், விற்பனைக்கு வந்துள்ள தனியார் பாடசாலை ஒன்றை வாங்கி நடத்தலாமா என்பதைத் தீர்மானிக்கக் கூட்டிய விசேட பொதுக்கூட்டத்தில், சங்கம் நியமித்த ஆராய்வுக் குழுவின் தலைவர் நிகழ்த்திய உரை இது. பிற ஊரவர்க்கும் பயன்படும் என்பதால் வெளியிடுகின்றோம். — ஆசிரியர்)



சென்ற பொதுக்கூட்டத்தில் இம்மண்டபத்தில் எழுந்த கரகோஷம் இன்னும் என் காதில் ஒலிக்கின்றது. நமது ஊரெல்லையில் ஆங்கிலமொழி மூலம் கற்பிக்கும் தனியார் பாடசாலையை அதன் உரிமையாளர் விற்க முன்வந்துள்ளார். வெளிநாடுகளில் வாழும் நம்மூரவர் விலைப்பணத்தைத் தர இசைந்துள்ளனர். ஆகவே சங்கம் அதனை வாங்கி நடத்த வேண்டும் என்ற பிரேரணை அன்று ஏகமனதாக நிறைவேறும் நிலையில் இருந்தது. கைதட்டியவர்களுள் யானும் ஒருவன். பின்வரிசையில் இருந்த மூத்த கமக்காரர் ஒருவர் மாத்திரம் எழுந்து, "வாங்கிறது சரி தம்பி, கிணத்தை வாங்கிப்போட்டு ஆர் இறைக்கிறது?" என்று கேட்டார். சிலர் சிரித்தனர். ஆயினும் அந்தக் கேள்விக்கு விடை கூற எவராலும் இயலவில்லை. அதன் பயனாகவே மூவர் கொண்ட இக்குழு நியமிக்கப்பட்டது.

கணக்காளர் ஒருவரும், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும், அடியேனும் ஆறு வாரங்கள் இதனை ஆராய்ந்தோம். முடிவை முதலிலேயே கூறிவிடுகின்றேன். இன்றைய நிலையில் அப்பாடசாலையை வாங்க வேண்டாம் என்பது இருவரின் கருத்து. ஆசிரியை அவர்கள் மாறுபட்டார்கள். அவர்களுடைய நியாயத்தையும் ஒளியாமல் உங்கள்முன் வைப்பது என் கடமை.

வாங்க வேண்டும் என்போரின் நியாயங்கள்

முதலாவது நியாயம் பிள்ளைகளைப் பற்றியது. அங்கே ஏறக்குறைய 200 பிள்ளைகள் கற்கின்றனர். 16 ஆசிரியர்கள் கற்பிக்கின்றனர். நாம் வாங்காவிடின் நிலத்தை வாங்குவோர் திருமண மண்டபம் கட்டவும் கூடும், கடைத்தொகுதி கட்டவும் கூடும். பிள்ளைகள் ஆண்டின் நடுவிலே வேறிடம் தேட நேரும்.

இரண்டாவது ஆங்கிலத்தைப் பற்றியது. நகரத்துப் பிள்ளை ஐந்து வயதிலேயே ஆங்கிலம் பேசக் கேட்கின்றது. நமது ஊர்ப் பிள்ளை பல்கலைக்கழகத்தின் வாசலிலேதான் அதை முதன்முதலாக எதிர்கொள்கின்றது. திறமை இருந்தும் வாய் திறக்க இயலாமற் கூசி நின்ற அனுபவம் இங்குள்ள வைத்தியர்கட்கும் பொறியியலாளர்கட்கும் உண்டு. தம் பிள்ளைக்கு அந்நிலை வரலாகாது என்று அவர்கள் எண்ணுவதிலே தவறில்லை.

மூன்றாவது நியாயம் நமது அரசியல் வரலாற்றிலிருந்து பிறப்பது. நமது முன்னோர் கட்டிய பாடசாலைகளை 1960இல் அரசு எடுத்துக்கொண்டது. அன்று போனதை இன்று ஒன்றாயினும் மீட்போம், நமது பிள்ளைகளின் கல்வியை நமது கையிலே வைத்திருப்போம் என்ற உணர்ச்சி இம்மண்டபத்தில் அன்று பொங்கியது. அவ்வுணர்ச்சியை யான் மதிக்கின்றேன். ஆதலால் அந்த வரலாற்றிலிருந்தே தொடங்குகின்றேன்.

முன்னோர் எவ்வாறு நடத்தினர்?

ஆறுமுக நாவலர் 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது அரசின் உதவி இருக்கவில்லை. வீடுதோறும் சமைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்துக் கொடுத்தார்கள். அந்தப் பிடி அரிசி பாடசாலையைத் தாங்கியது. இதனை நாம் மேடைதோறும் பெருமையுடன் சொல்கின்றோம். ஆனால் மற்றொன்றைச் சொல்வதில்லை. அதே நாவலர் 1872இல் வண்ணார்பண்ணையில் சைவாங்கில வித்தியாசாலை ஒன்றையும் தொடங்கினார். சைவப் பிள்ளைகள் தம் சமயத்தில் நின்றே ஆங்கிலம் கற்க வேண்டும் என்பது அவர் நோக்கம். பணமின்மையால் அது நான்கு ஆண்டளவில் நின்றுவிட்டது. நாவலரிடம் இல்லாத உறுதியோ தியாகமோ நம்மிடம் இருக்கின்றது என்று எவரும் கூறத் துணியார். உறுதி இருந்தும், மாதந்தோறும் வரவேண்டிய பணம் வராதபோது அப்பாடசாலை நின்றது.

வாங்க வேண்டும் என்போர் காட்டக்கூடிய மிகச் சிறந்த முன்னுதாரணம் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை அவர்கள் 1880களிலே நகரத்தில் தொடங்கிய ஆங்கிலப் பள்ளி, பின்னர் நியாயதுரந்தரர் நாகலிங்கம் அவர்களின் கைக்கு மாறி வண்ணார்பண்ணைக்கு வந்தது. 1890இல் சைவ பரிபாலன சபை அதனைப் பொறுப்பேற்றது. தனி மனிதர் ஒருவர் தொடங்கிய பள்ளியை ஒரு சபை ஏற்று நடத்திப் பெரும் கல்லூரியாக்கியதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆகவே, ஒரு சங்கம் பாடசாலை நடத்த இயலாது என்று யான் கூற வரவில்லை.

1923இலே இராசரத்தினம் அவர்கள் முன்னின்று அமைத்த சைவ வித்தியா விருத்திச் சங்கமோ ஊரூராகச் சென்று பாடசாலைகளை நிறுவியது. நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகள் அதன் முகாமையின்கீழ் வந்தன. கிழக்கிலே விபுலாநந்த அடிகளின் முயற்சியால் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகள் வளர்ந்தன. மிஷனரிமாரின் பாடசாலைகளோ 1816இல் அமெரிக்க மிஷனார் இங்கு வந்த காலந்தொட்டு நம் மண்ணில் இருந்தவை.

இவை இத்தனை ஆண்டுகள் நிலைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை நாம் மறந்துவிட்டோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1960 வரை இத்தகைய பாடசாலைகளுக்கு அரசு உதவி நன்கொடை வழங்கி வந்தது. அதனால்தான் அவற்றை உதவி நன்கொடைப் பாடசாலைகள் என்று அழைத்தோம். 1945இல் இலவசக் கல்வி வந்தபின், அத்திட்டத்தில் இணைந்த பாடசாலைகளின் ஆசிரியர் சம்பளத்தை அரசே கொடுத்தது. ஊரவர் நிலம் கொடுத்தனர், கட்டடம் கட்டினர், முகாமையாளர் நிர்வாகம் செய்தார். சம்பளத்துக்கு அரசின் திறைசேரி இருந்தது. நாவலரின் ஆங்கிலப் பாடசாலை நின்றதற்கும் பிற்காலத்துப் பாடசாலைகள் நிலைத்ததற்கும் இடையிலுள்ள பெரிய வேற்றுமை இதுவேயாகும்.

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் இந்த ஏற்பாட்டை முடித்துவைத்தன. முகாமை அரசிடம் சென்றது. நிலமும் கட்டடமும் அரசின் உடைமையாயின. பெரிய பாடசாலைகள் சில, தனியாக நிற்பதாக முடிவு செய்தன. அவற்றுக்கு அன்று அரசின் உதவியும் இல்லை, வகுப்புக் கட்டணம் அறவிட அனுமதியும் இல்லை. பழைய மாணவரின் பேருதவியும் திருச்சபைகளின் ஆதரவும் உடையவையே அக்காலத்தைத் தாண்டின. பிற்காலத்தில் அவற்றுட் பலவற்றின் ஆசிரியர் வேதனத்துக்கு அரசு மீண்டும் உதவத் தொடங்கியது. சம்பளச் சுமையைத் திருச்சபையாலுங்கூட நெடுநாள் தனித்துத் தாங்க இயலாது என்பதை இதனால் உணரலாம்.

விற்பனைக்கு வந்திருப்பது யாது?

நிற்க. இப்போது நமக்கு விற்க முன்வந்திருப்பது அத்தகைய பாடசாலையன்று. 1961ஆம் ஆண்டுச் சட்டம், 5 வயது முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கென அரசு தவிர்ந்த எவரும் புதிதாகப் பாடசாலை தொடங்குவதைத் தடுத்தது. 1977க்குப் பின்னர் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தபோது, இச்சட்டத்தின் பிடிக்கு வெளியே நிற்பதற்காகக் கம்பனிச் சட்டத்தின்கீழ் பதிவு செய்த 'சர்வதேசப் பாடசாலைகள்' தோன்றின. நாம் வாங்கக் கருதும் பாடசாலையும் அவ்வகையைச் சேர்ந்ததே. கதவில் பாடசாலை என்று எழுதியிருக்கின்றது. பதிவேட்டில் அது கம்பனி.

இதன் பொருள் யாது? நொத்தாரிசிடம் சென்று காணி உறுதி எழுதுவதுபோல் இது முடிந்துவிடாது. கம்பனியின் பங்குகளை வாங்கினால் அதன் சொத்தோடு அதன் கடனும் நம்மிடம் வரும். உரிமையாளர் ஊழியர் சேமலாப நிதிக்குச் செலுத்தாது விட்ட பாக்கி ஏதும் இருப்பின் அதுவும் வரும். பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 பேருக்குக் குறையாத ஊழியரை உடைய நிறுவனத்தில் ஐந்து ஆண்டு சேவையை முடித்த ஒருவர் விலகும்போது, சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் அரைமாதச் சம்பளம் கொடுத்தல் வேண்டும். 45,000 ரூபாய் சம்பளத்தில் 12 ஆண்டுகள் கற்பித்த ஒரு ஆசிரியை நாம் வாங்கிய மறுமாதமே விலகினால், 270,000 ரூபாயை அவருக்கு எண்ணிக் கொடுக்க வேண்டியவர்கள் நாமே. அவர் அதனை உழைத்துப் பெற்றவர், தருவது நியாயமே. ஆனால் விலைப்பணத்தைத் தர இசைந்த நம் உறவினர் ஒருவரும் இந்தக் கணக்கைக் கேட்கவில்லை.

மாதக் கணக்கு

இப்போது மூத்தவரின் கேள்விக்கு வருகின்றேன். கமக்காரர்களாகிய உங்களுக்கு இதனை விளக்குவது எளிது. தறை வாங்குவது ஒருநாட் காரியம். இறைப்பு அவ்வாறன்று. முறை தவறினால் வெங்காயம் காத்திருக்காது. ஆசிரியரின் சம்பளமும் அத்தகையதே.

எளிதில் விளங்குமாறு முழுத்தொகைகளாகவே கணக்கிட்டோம். 16 ஆசிரியரும் மற்றைய ஊழியர் நால்வருமாக 20 பேர். சராசரிச் சம்பளம் 45,000 ரூபாய் என்று கொண்டால் மாதத்துக்கு 9 இலட்சம். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்கொள்வோர் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் செலுத்த வேண்டும், அது 135,000. பணிக்கொடைக்காக மாதம் ஒதுக்க வேண்டியது 37,500. மின்சாரம், நீர், கடதாசி, திருத்தவேலை, காப்புறுதி ஆகியவற்றுக்கு 127,500. மொத்தம் மாதம் 12 இலட்சம்.

200 பிள்ளைகளும் கட்டணம் கொடுத்தால் ஒரு பிள்ளைக்கு 6,000 ரூபாய். வரவும் செலவும் சரியாகும். ஆனால் நாம் தொண்டர் சங்கம். நாலில் ஒரு பிள்ளையையாவது இலவசமாகச் சேர்க்காவிடின் நமக்குத் தொண்டர் என்ற பெயர் எதற்கு? 50 பிள்ளைகளை இலவசமாகச் சேர்த்தால் வரவு 9 இலட்சம். மாதம் 3 இலட்சம் குறையும். ஆண்டுக்கு 36 இலட்சம் குறையும். இது கூரை ஒழுகாத, ஆசிரியர் விலகாத, பிள்ளைத்தொகை குறையாத நல்ல ஆண்டின் கணக்கு.

எல்லா ஆண்டும் நல்ல ஆண்டாக இராது என்பதற்குச் சமீபகாலச் சான்றுகளே போதும். 2020இல் கொள்ளைநோயால் பாடசாலைகள் மூடப்பட்டன. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தபோது தோட்டங்களிலே நடந்தது யாதென்பதை யான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2022இல் நாடே கடன் கட்ட இயலாமல் நின்றது. அரிசி, மண்ணெண்ணெய், எரிவாயு ஆகிய எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்றோம். பாடசாலை மாதந்தோறும் கட்டணம் கேட்கும். கமக்காரனுக்குப் பணம் வருவது போகத்துக்கு ஒருமுறை. புகையிலைக்கு விலை விழுந்த ஆண்டில், மூன்று மாதக் கட்டணம் பாக்கி வைத்த வீட்டுப் பிள்ளையை வாசலில் நிறுத்தி, "அப்பாவை அழைத்து வா" என்று சொல்லப் போகின்றவர் யார்? அப்போது அந்த வாசலில் நிற்கப்போவது முகந்தெரியாத கம்பனியன்று. நாமே நிற்க வேண்டும்.

கடல்கடந்த உறவினர் குறைவை நிரப்புவார்கள் என்று சொல்லக்கூடும். அவர்களின் அன்பில் எமக்கு ஐயமில்லை. கட்டடத்துக்கும் மண்டபத்துக்கும் பெயர் பொறித்த கல்லுக்கும் அவர்கள் மனமுவந்து தருவார்கள். மின்சாரப் பட்டியலுக்கும் சேமலாப நிதிக்கும் மாதந்தோறும் பத்து ஆண்டுகள் தருவதென்பது வேறு காரியம். அதற்கு அவர்களிடம் எழுத்தில் உறுதி கேட்டோம். அன்பான கடிதங்கள் வந்தன. உறுதி வரவில்லை. அதனை யான் குறையாகச் சொல்லவில்லை. அவர்களுக்கும் அங்கே வீட்டுக்கடனும் பிள்ளைகளும் உண்டு.

எந்தப் பிள்ளைக்குக் கதவு திறக்கும்?

கணக்கைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. பாடசாலை நமது கையில் இருந்த காலத்தைப் பொற்காலம் என்று பேசுகின்றோம். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது பொற்காலமாக இருந்ததா? சாதியின் பெயரால் சில பிள்ளைகளுக்குக் கதவு சாத்தப்பட்டது. கதவு திறந்த இடங்களிலும் நிலத்தில் இருத்தப்பட்ட பிள்ளைகள் உண்டு. 1920களிலும் 1930களிலும் சம ஆசனத்துக்காகவும் சமபோசனத்துக்காகவும் போராட வேண்டியிருந்தது. 1924இல் தோன்றிய யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் இக்கொடுமைக்கு எதிராக நின்றதை நன்றியுடன் நினைவுகூர வேண்டும். முகாமையாளர்களின் தயவை நம்பி நிற்கமாட்டோம், எங்களுக்கு அரசுப் பாடசாலை வேண்டும் என்று கேட்டவர்கள் நமது ஊர்களிலேயே இருந்தார்கள். அவர்களுடைய நியாயத்தையும் சேர்த்தே 1960ஐ நிறுக்க வேண்டும்.

இன்று அந்தக் கதவைச் சாதி சாத்தாது என்று வைத்துக்கொள்வோம். 6,000 ரூபாய் சாத்தும். அரசுப் பாடசாலைப் பிள்ளைக்கு 1980 முதல் பாடநூல் இலவசம், 1993 முதல் சீருடைத் துணி இலவசம். நாம் வாங்கும் பாடசாலையில் இவையும் பெற்றோரின் செலவே. கூலிக்கு வெங்காயம் நடும் தாயின் பிள்ளைக்கு ஊரின் பெயரால் நாம் நடத்தும் பாடசாலையில் இடம் இல்லையென்றால், அது ஊரின் பாடசாலையாகாது. 50 இலவச இடங்கள் வைத்தாலும், அவற்றுக்குரிய 50 பிள்ளைகளை யார் தெரிவது? தெரியும் ஆண்டுதோறும் ஊர் இரண்டுபடும்.

மொழியைப் பற்றியும் ஒருசொல். தாய்மொழிக்காக நாம் நெடுங்காலம் போராடியவர்கள். ஆங்கிலமொழி மூலத்தைத் தமிழாக மாற்றி நடத்தலாமே என்று ஓர் அன்பர் கேட்டார். மாற்றலாம். ஆனால் இன்று பெற்றோர் கட்டணம் செலுத்துவது ஆங்கிலத்துக்காகவே. அதனை எடுத்துவிட்டால், பக்கத்திலே இலவசமாக இருக்கும் தமிழ்ப் பாடசாலையை விட்டு இங்கே எவரும் வரமாட்டார். ஆங்கிலத்தை வைத்திருந்தால், தமிழை ஒரு பாடமாக மாத்திரம் கற்பிக்கும் பாடசாலையை நமது சங்கத்தின் பெயரால் நடத்துவோம். இதற்கு எங்கள் குழுவால் எளிதான விடை காண இயலவில்லை.

அரசின் கடனை யார் அடைப்பது?

அரசியல்வாதிகளுக்கும் ஒன்று கூற விரும்புகின்றேன். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது அரசியலமைப்புத் திருத்தம் கல்வி அதிகாரத்தின் பெரும்பகுதியை மாகாணத்துக்கு உரியதாக்கியது. வடக்கு மாகாண சபைக்கு முதன்முதலாகத் தேர்தல் நடந்தது 2013இல். அச்சபையின் காலம் 2018இல் முடிந்தபின் பல ஆண்டுகள் தேர்தலின்றியே கழிந்தன. அந்த ஆண்டுகளில் நமது கிராமத்துப் பாடசாலைகளுக்கு ஆங்கில ஆசிரியரையும் கணித ஆசிரியரையும் கேட்டு மனுக்கொடுக்க மக்களால் தெரிவுசெய்யப்பட்ட மாகாண அமைச்சர் ஒருவரும் இருக்கவில்லை.

ஆசிரியர் இல்லாத பாடசாலையை விட்டு வசதியுள்ளோர் தம் பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போவர். பிள்ளைகள் குறைந்தால், "பிள்ளைகள் இல்லாத இடத்துக்கு ஆசிரியர் எதற்கு?" என்று பணிமனை கேட்கும். பின்னர் அப்பாடசாலையை மூடி அயலூருடன் இணைப்பார்கள். இது எங்கும் நடப்பது. நாம் ஒரு கட்டணப் பாடசாலையை வாங்கி நடத்தினால், மனுக்கொடுக்கக்கூடிய, ஆங்கிலத்தில் கடிதம் எழுதக்கூடிய, அதிகாரியைக் கேள்வி கேட்கக்கூடிய பெற்றோர் அனைவரும் அங்கே சென்றுவிடுவர். அரசுப் பாடசாலையில் மிஞ்சுவது கேட்கத் தெரியாதவரின் பிள்ளைகள். அரசு தன் கடமையினின்று தப்பிக்கொள்ள நாமே வழி செய்தவர்களாவோம். நாம் வரி கட்டுகின்றோம். அதன் பயனை உரிமையோடு கேட்பதை விட்டு, இரண்டாவது முறையும் கட்டுவதுதான் தொண்டா?

மாறுபட்ட உறுப்பினரின் கருத்து

ஆசிரியை அவர்களின் வாதம் இது: "நீங்கள் கூறுவது கணக்கிலே சரி. ஆனால் அரசுப் பாடசாலை திருந்தும்வரை காத்திருக்கச் சொல்கின்றீர்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் கற்பித்தேன். பிள்ளையின் பத்து வயது மீண்டும் வராது. கையில் இருக்கும் 200 பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள்." இவ்வார்த்தைகளை அலட்சியம் செய்ய எவராலும் இயலாது. என்னை இரவிலே உறங்கவிடாத வாதமும் இதுவே.

ஆகவே கதவை முற்றாக மூடாமல், ஐந்து நிபந்தனைகளை மூவரும் சேர்ந்தே வகுத்தோம். முதலாவது, ஐந்து ஆண்டுக் குறைநிரப்புத் தொகை, அஃதாவது 180 இலட்சம், விலைப்பணத்துக்கு மேலாக வங்கியில் வைப்பாகச் சேர்தல் வேண்டும். இரண்டாவது, கடந்த மூன்று ஆண்டுக் கணக்குகளையும் சேமலாப நிதிச் சான்றுகளையும் பணிக்கொடைப் பொறுப்பையும் வெளிக் கணக்காளர் ஒருவர் பரிசோதித்தல் வேண்டும். மூன்றாவது, நிலம் குத்தகையன்று, அறுதி உரிமையென்பதைச் சட்டத்தரணி உறுதிப்படுத்தல் வேண்டும். நான்காவது, இலாபத்தைப் பங்கிட இயலாதவாறு உத்தரவாதத்தால் வரையறுத்த கம்பனியாக 2007ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டத்தின்கீழ் அமைத்து, ஒரு குடும்பமோ ஒரு கோஷ்டியோ கைப்பற்ற இயலாத யாப்பை எழுதுதல் வேண்டும். ஐந்தாவது, குறைந்தது ஐந்து ஆண்டுகள் நின்று நடத்த இசையும் தகுதியுள்ள அதிபர் ஒருவர் கிடைத்தல் வேண்டும். மூன்று மாதத்துள் இவை ஐந்தும் நிறைவேறினால், வாங்குவதற்கு முதலிலே கையுயர்த்துபவன் யானாவேன். ஒன்று குறைந்தாலும் வாங்கலாகாது.

செய்யக்கூடியது

வாங்காவிடின் சும்மா இருப்பதா? இல்லை. நமது முன்னோர் கண்ட வழி இன்றும் திறந்தே இருக்கின்றது. அவர்கள் இடமும் வசதியும் கொடுத்தார்கள், அரசு சம்பளம் கொடுத்தது. நமது ஊரிலும் அயலிலும் மூன்று அரசுப் பாடசாலைகள் உண்டு. அவற்றின் ஆசிரியர்களுக்கு இன்றும் அரசே சம்பளம் கொடுக்கின்றது. அங்கே இல்லாததை நாம் கொடுப்போம்.

வாங்கியிருந்தால் மாதம் குறையக்கூடிய அதே 3 இலட்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் பின்னேர வகுப்புகளுக்கு நான்கு ஆசிரியரை, ஒருவருக்கு 40,000 ரூபாய் வீதம் அமர்த்தினால் 160,000. அவர்களின் சேமலாப, நம்பிக்கைப் பொறுப்பு நிதிகளுக்கு 24,000. தூரத்துப் பிள்ளைகளை இருட்டுமுன் வீடு சேர்க்கும் வாகனத்துக்கு 60,000. நூலுக்கும் விஞ்ஞானகூடப் பொருளுக்கும் 56,000. 3 இலட்சம் முடிந்தது. பயன்பெறுவது 200 பிள்ளைகள் மாத்திரமல்லர், மூன்று பாடசாலைப் பிள்ளைகள் அனைவரும். பணம் குறைந்த ஆண்டில் ஓர் ஆசிரியரைக் குறைக்கலாம், பாடசாலை மூடாது. மூடவிருக்கும் பாடசாலையின் ஆசிரியர் சிலருக்கு இவ்வகுப்புகளிலே இடம் கொடுக்கலாம். அப்பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளுமாறு மூன்று அதிபர்களிடமும் பேசியுள்ளோம். மொழிமூலம் மாறும் பிள்ளைகளுக்கு முதல் ஆறு மாதமும் தனிவகுப்பு நடத்துவோம்.

இரண்டு எச்சரிக்கைகள். பணம் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் வழியாக, வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியோடு, பற்றுச்சீட்டுடன் செல்ல வேண்டும். அடுத்தது, தொண்டர் ஆசிரியர் என்று பெயரிட்டு இளைஞரைச் சொற்பப் பணத்துக்கு ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கலாகாது. அத்தகையோர் நிரந்தர நியமனம் கேட்டு வீதியில் நின்றதை வடக்கிலும் கிழக்கிலும் கண்டோம். கொடுக்கக்கூடிய சம்பளத்தைக் கொடுப்போம். கொடுக்க இயலாத வாக்குறுதியைக் கொடுக்கமாட்டோம்.

விலைக்கென இசைந்த பணத்தை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அது நமது பணமன்று. தந்தவர்களிடம் இவ்வுரையை அப்படியே அனுப்பி, வைப்பிலிட்டு வட்டியை மாத்திரம் செலவிட அவர்கள் சம்மதிப்பார்களா என்று கேட்போம். சம்மதியாதவர்களின் பணத்தைத் திருப்பிக் கொடுப்போம். பெயர்க்கல் வைக்க இத்திட்டத்தில் இடமில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவோம்.

அன்பர்களே, அன்று பிடி அரிசி கொடுத்த தாய்மார் பாடசாலையை விலைக்கு வாங்கியவர்களல்லர். ஒவ்வொரு நாளும் உலையில் போடுமுன் ஒரு பிடியை மறவாமல் எடுத்து வைத்தவர்கள். இன்று வாக்கெடுப்புக்கு முன்னர் உங்களிடம் ஒரு தாள் வரும். "ஒருமுறை எவ்வளவு தருவீர்கள்?" என்ற கேள்வி அதில் இல்லை. "மாதம் எவ்வளவு, எத்தனை ஆண்டு?" என்றே கேட்டிருக்கின்றோம். போகத்துக்கொருமுறை தருவதானால் அதனையும் எழுதலாம். அத்தாள்களை எல்லாரும் காணக் கூட்டிப் பார்ப்போம். பின்வரிசையில் இருக்கும் பெரியவர் அன்று கேட்ட கேள்விக்கு விடை அந்தக் கூட்டுத்தொகையிலே இருக்கும்.